நாலாம் நம்பர் பாட்டில்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

சாயலோகச் சக்கரவர்த்தியும், பாலியஸ்டர் குலதிலகமும், திருப்பூர் எல்லைக்குட்பட்ட சகல நிறங்களுக்கும் அதிபதியுமாகிய சென்னியப்பன் என்னும் நான், எங்கள் சாயப்பட்டறையில் முப்பத்தோராவது முறையாக ஆயுத பூஜையைத் தலைமையேற்று நடத்தி முடித்தேன். தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். தகரக் கூரையில் ஓட்டை இருந்ததால் நாலு சொட்டு மழையாக உள்ளே விழுந்தது.

பூஜையில் என் சட்டம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு அம்மன் கண்ணில் எதுவும் குறையாகப் படக்கூடாது. உப்பு டிரம் வாய்வரை நிறைய வேண்டும். கிரீஸ் டப்பா நிறைய வேண்டும். ஆபீசில் ஸ்டேப்ளருக்குள் பின் முழு வரிசை இருக்க வேண்டும். முதலாளி தங்கமுத்துவின் பேனாவில் மை குறைவாக இருந்ததென்று அதையும் பிடுங்கி மாற்றிக் கொடுத்தவன் நான். "மாஸ்டரு, என்ற வயித்தையும் நெறச்சுட்டீங்கன்னா பூஜையை முடிச்சுக்கலாம்" என்றார். அவருக்குப் பொரி கடலை கொடுத்து அடக்கினேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு லேபுக்குள் போனேன். அங்கே ராணி என் தங்கை மகள் மைதிலி. எட்டு வருடமாக லேப் இன்சார்ஜ். தை மாதம் பெருந்துறையில் திறக்கப்போகும் புது யூனிட்டுக்கு அவள்தான் லேப் மேனேஜர் என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லியாயிற்று. இன்று தோழி கல்யாணத்துக்காகக் கோபிச்செட்டிபாளையம் போய்விட்டாள். ராணி இல்லாத அரண்மனையில் பி.எச். மீட்டருக்கு நானே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். சாயத் தண்ணீர் புளிப்பா காரமா என்று நம்பரில் சொல்லும் கிழட்டு மீட்டர் அது. பக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பாட்டில். 4, 7, 10 என்று லேபிள். பஃபர் என்பார்கள். தினம் காலையில் மீட்டரின் மூக்கை இதில் முக்கித்தான் அதன் யோக்கியதையைச் சோதிப்பார்கள்.

மஞ்சளும் நீலமும் கழுத்துவரை இருந்தன. சிவப்பு, அந்த நாலாம் நம்பர், கால் பாட்டில்தான். அம்மன் பார்த்தால் என்ன நினைப்பாள்? பூஜைச் சொம்பில் மிச்சமிருந்த போர் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். உடனே சிவப்பு வெளுத்து ரோஸ் மில்க் ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்குமா? ஸ்டாண்டிலிருந்து சிவப்புச் சாயக் கரைசலை எடுத்து, ஒரு சொட்டு, பிறகு அரைச் சொட்டு, பிறகு குச்சி நுனியால் ஒரு தொடல். லைட் பாக்சில் வைத்துப் பார்த்தேன். பழைய சிவப்பு, இம்மி பிசகாமல். பிரம்மதேவனே இறங்கி வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் எது பழசு எது புதுசு என்று திணறியிருப்பான். என் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த ஷேடு மேட்சிங் இதுதான். பார்க்க ஒரு ஈ காக்கை இல்லை என்பதுதான் குறை.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. கறிக்கடை மூடல். தேசத்தந்தைக்கு மரியாதையாக ஆறு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். மற்ற நாளில் அறுபது.

அக்டோபர் 3, வெள்ளி

மைதிலி வந்தாள். மீட்டரின் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். "மாமா, மூக்குக்குள்ளெல்லாம் குங்குமம் போயிருக்குது. இதுக்கு ஜலதோசம் புடிச்சா யாரு வைத்தியம் பாக்கறது?"

பிறகு சிவப்புப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். "நாலாம் நம்பர் கொறவா இருந்துதே. ஸ்டோர்ல இருந்து ஊத்திட்டாங்களா?"

"சாட்சாத் சரஸ்வதியே வீணையைக் கீழ வெச்சுட்டு வந்து நெறச்சுட்டுப் போனா, அம்மிணி."

சிரித்தாள். இந்த உலகத்தில் என் பேச்சுக்கு முழுதாகச் சிரிப்பவள் அவள் ஒருத்திதான். தெய்வாத்தா, அதாவது என் மனைவி, என் பேச்சில் பாதியைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் சிரிப்பாள். மைதிலி மீட்டரின் திருகை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருகி, முள்ளை 4-இல் நிறுத்தினாள். ராஜாங்கம் தொடங்கியது.

கத்திரிப்பூக் கலர் ஆர்டர் மேலே ஏறுகிறது. வெளிநாட்டுப் பார்ட்டி. விளையாட்டு பனியன் துணி. தீபாவளிக்கு முன்னால் பத்து லாட், அதாவது பத்து ஈடு துணி, போக வேண்டும். செப்டம்பரில் சாம்பிளுக்கு அந்தக் கத்திரிப்பூவை வரவழைத்தவள் மைதிலி. ஒரே தடவையில் பார்ட்டி ஓகே சொன்ன கலர்.

அக்டோபர் 4, சனி

முழங்கால் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு தேரோட்டி போல மிஷினடியில் உட்கார்ந்திருந்தேன். முதல் லாட் இன்று உள்ளே போயிற்று.

அக்டோபர் 6, திங்கள்

முதல் லாட் வெளியே வந்தது.

கத்திரிப்பூ அல்ல. கத்திரிப்பூவை வெயிலில் போட்டு, மேலே செங்கல் தூளைத் தூவி, ஒரு எருமை படுத்து எழுந்தது போல ஒரு நிறம். நீலம் செத்துவிட்டது. முதலாளி துணியை விரலால் தூக்கிப் பார்த்து, "இது என்ன கலருங்க மாஸ்டரு?" என்றார்.

"இதுக்கு இன்னும் பேரே வெக்கலீங்க. நாமதான் மொதல்ல கண்டுபுடிச்சிருக்கறோம்."

அவர் சிரிக்கவில்லை. மைதிலி துண்டுத் துணியை வெட்டி எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய்விட்டாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. இரண்டாவது லாட்டும் அதே எருமை.

அக்டோபர் 8, புதன்

இன்று லேபில் மகாசபை. முதலாளி, மைதிலி, நான். மைதிலி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. டப்பாவில் என் தங்கை கட்டிக் கொடுத்த தக்காளிச் சாதம் மூடி திறக்காமல் இருந்தது.

"சாயம் மாத்தி வந்துருச்சா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. அதே டப்பா. வேற துணிலயும் போட்டுப் பாத்தாச்சு."

"அப்பறம்?"

மைதிலி நிதானமாகச் சொன்னாள். எங்கள் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. சூடு ஏற ஏற அது காரம் பக்கம் நகரும். நூற்று முப்பது டிகிரிக்குப் போகும்போது நன்றாகவே ஏறிவிடும். இந்தக் கத்திரிப்பூவில் இருக்கும் நீலச் சாயத்துக்குக் காரம் ஆகாது, உடைந்துபோகும். அதனால்தான் அசிட்டிக் ஆசிடும் சோடியம் அசிடேட்டும் சேர்த்துப் போடுகிறோம். "அதுக ரெண்டும் சேந்தா ஒரு பஃபர் ஆயிருமுங்க. காரம் வந்தாலும் வாங்கிக்கும், ஆசிட் வந்தாலும் வாங்கிக்கும், நம்பர அசைய உடாது. எவ்வளவு வந்தாலும் தாங்கும். தாங்கற வரைக்கும் தாங்கும். அப்பறம் ஒரேயடியா உட்டுரும்."

"போட்டீங்கள்ல?"

"மீட்டர் நாலரை காட்டற வரைக்கும் போட்டனுங்க. ஆனா தண்ணில முக்குனா நெறம் மாறி நம்பர் சொல்ற ஸ்ட்ரிப் காயிதம் வேற சொல்லுது. அஞ்சரை, ஆறுங்குது. காயித டப்பா மழைல நமுத்துப் போயிருச்சு, அத நம்பவும் முடியல. புது ஸ்ட்ரிப்பும் புது பஃபர் பாட்டிலும் வேணும்னு இன்டென்ட் போட்டிருக்கறேன்."

"பஃபர் பாட்டில் எதுக்கு? அது வேறயா?"

"மீட்டருக்கு எடைக்கல்லு மாதிரிங்க அது. எடைக்கல்லு தப்பா இருந்தா தராசு என்ன சொன்னாலும் தப்புத்தான்." நாலாம் நம்பர் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். "ஆனா இது நல்லாத்தான் இருக்குதுங்க. கெட்டிருந்தா கலர் வெளுத்திருக்கும். பாருங்க, புதுசாட்டம் இருக்குது."

முதலாளி பார்த்தார். நானும் பார்த்தேன். இம்மி பிசகாத சிவப்பு.

இந்த இடத்தில் எனக்குத் திடீரென்று வயிறு சரியில்லாமல் போயிற்று. காலையில் குடித்த கொள்ளு ரசம் என்று நினைக்கிறேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

கொள்ளு ரசம்தான். தெய்வாத்தாவைத் திட்டினேன். "நான் கொள்ளு ரசம் வெச்சு ஒரு மாசமாச்சு" என்கிறாள்.

அக்டோபர் 10, வெள்ளி

மூன்றாவது லாட். எழுத விருப்பமில்லை.

மதியம் லேப் பக்கம் போய், கதவருகே நின்று, "அம்மிணி, ஸ்ட்ரிப் காயிதம் சொல்றதையும் சித்தெ கேட்டுப் பாரேன், பாவம், ஏழை காயிதம்" என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்ல முடியும்?

"காமெடி பண்ற நேரமா மாமா இது?" என்றாள். அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அக்டோபர் 11, சனி

பின்கட்டுப் பைப் ஒழுகுகிறது. நாள் முழுக்க அதைச் சரி செய்தேன். சரியாகவில்லை.

ஒரு சொம்புத் தண்ணீர்தானே. கடலில் மழை பெய்கிறது, கடல் என்ன சொல்கிறது? ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று லாட் துணி செத்துப்போகும் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். மற்றவர் சொன்னால் நான் சிரிப்பேன். அது நான் வழக்கமாகச் சொல்லும் கதைகளை விடப் பெரிய கதை.

அக்டோபர் 13, திங்கள்

முதலாளி மைதிலியை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவு கண்ணாடிக் கதவு. நான் காலண்டரைச் சரியாக மாட்டுவது போல எதிரில் நின்றேன்.

வெளியே வந்தபோது அவள் கையில் பை இருந்தது. அழவில்லை. "தீபாவளி வரைக்கும் வர வேண்டாம்னுட்டாருங்க மாமா. ஈரோட்ல இருந்து வேற கெமிஸ்ட் வர்றாராம்."

"அப்பறம்?"

"தீபாவளி கழிச்சு, இருபத்திநாலாந்தேதி பார்ட்டிக்கு லெட்டர் போகுது. லேப் இன்சார்ஜோட கவனக்குறைவு, ஆளை நீக்கியாச்சுன்னு."

அந்தப் பார்ட்டியின் ஆபீஸ் இந்த ஊரில் நூறு சாயப்பட்டறைக்கு வேலை கொடுக்கிறது; அங்கே ஒரு லெட்டர் போனால் நூறுக்கும் சேர்த்துப் போனது போல. நூறு என்பது நான் கூட்டிச் சொல்வதல்ல. அவள் பேர் இருக்கும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எந்த லேபும் அவளைச் சேர்க்காது. பெருந்துறையும் போச்சு, திருப்பூரும் போச்சு.

"எட்டு வருசத்துல எனக்கு ஒரு லாட் போனதில்ல மாமா. எங்க தப்பு பண்ணுனேன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். அது தெரியாமப் போறதுதான்..."

முடிக்காமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் காலண்டரைப் பிடித்தபடி நின்றேன். அதில் இன்னும் செப்டம்பர் இருந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்டென்ட் போட்ட புது பஃபர் பாட்டில்கள் இன்று வந்து சேர்ந்தன. அவள் போன மறுநாள்.

அக்டோபர் 15, புதன்

ஈரோட்டுக் கெமிஸ்ட் போட்ட முதல் லாட் வெளியே வந்தது. கத்திரிப்பூ. அப்பட்டமான கத்திரிப்பூ. மிஷினடியில் எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி என் தோளில் கை போட்டு மெதுவாகச் சொன்னார்: "மனசு கஷ்டமாத்தான் இருக்குது மாஸ்டரு, உங்க தங்கச்சி புள்ள. ஆனா பாத்தீங்களா? அதே சாயம், அதே தண்ணி, அதே மிஷினு. அந்தப் புள்ள போச்சு, கலர் வந்துருச்சு."

அந்தக் கலரைப் போல அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்துகொண்டு போனேன். மூன்றே வார்த்தை. தண்ணீர் ஊற்றினது நான். அவ்வளவுதான். ஆபீசுக்குள் முதலாளியோடு கேட் வாட்ச்மேனும், லாரி எடை போடும் வேபிரிட்ஜ்காரரும் இருந்தார்கள். என் நாக்கு அதற்குத் தெரிந்த ஒரே வழியில்தான் ஓடும்.

"மொதலாளி, மூணு லாட்டையும் கொன்ன கொலைகாரன் உங்க முன்னால நிக்கறானுங்க. ராவணன் கூட இவ்வளவு பெரிய பாவம் பண்ணலீங்க. ஒரே ஒரு சொம்புத் தண்ணில மூணு லாட்டையும் முக்கிக் கொன்னுட்டேன்."

வேபிரிட்ஜ்காரர் முதலில் சிரித்தார்.

"அம்மனுக்குக் குறை தெரியக்கூடாதுன்னு நாலாம் நம்பர் பாட்டில்ல தண்ணி ஊத்திட்டனுங்க. கலரு வெளுத்துருச்சு. அதையும் நானே சாயம் உட்டு மேட்ச் பண்ணிட்டேன். பிரம்மா வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது."

"பிரம்மா வந்தாலும்" என்று சொல்லி முதலாளி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "போன வருசம் பாய்லரு வெடிக்காம வெறுங்கையில அமுத்திப் புடிச்சவரும் நீங்கதான். அதுக்கு முந்துன வருசம் காவேரிய இந்தப் பக்கம் திருப்பறேன்னவரும் நீங்கதான். மருமகளுக்காக இதையும் எடுத்துத் தலைல போட்டுக்கறீங்க. நல்ல மனசு மாஸ்டரு. டீ குடிங்க."

"நெசமாத்தானுங்க சொல்றேன்."

அதற்கும் சிரித்தார்கள். நான் எந்தக் கதையையும் "நெசமாத்தானுங்க" என்றுதான் முடிப்பேன்.

லேபுக்கு ஓடினேன். பாட்டிலை எடுத்து வந்து மேஜை மேல் வைக்கலாம் என்று. ஈரோட்டுக்காரர் ஒழுக்கமான மனிதர். "புதுசு வந்துருச்சுங்களே, பழச சிங்க்ல ஊத்திட்டுப் பாட்டிலக் கழுவிப் போட்டுட்டேன்" என்றார். சிங்க் பளபளவென்று இருந்தது.

டீ ஆறிவிட்டது. குடித்தேன்.

அக்டோபர் 18, சனி

மைதிலிக்கு இன்னும் சொல்லவில்லை. தங்கை வீட்டுக்கு முறுக்கு கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பினேன். மாவரைக்க வேண்டும், மிளகாய் காய வைக்க வேண்டும் என்று தெய்வாத்தா ஏழெட்டு வேலை சொன்னாள். எல்லாவற்றையும் செய்தேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தெய்வாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதியைக் கழித்துக்கொண்டு கேட்பாள் என்று நினைத்தேன். கழிக்கவில்லை. உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, "சட்டையப் போட்டுட்டுக் கெளம்புங்க" என்றாள்.

பட்டறைக்கு இன்னும் தீபாவளி லீவு. தெருவெல்லாம் பட்டாசுக் காகிதம். தங்கை கோயிலுக்குப் போயிருந்தாள். மைதிலி முன்னறையில் உட்கார்ந்து பழைய லேப் நோட்டுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வருட நோட்டு. எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்தாள்.

நின்றுகொண்டே சொன்னேன். இந்த முறை ராவணன் வரவில்லை, பிரம்மா வரவில்லை. நாலாம் நம்பர், கால் பாட்டில், சொம்பு, சாயம், அவ்வளவுதான் வந்தது.

அவள் தலை தூக்காமல் கேட்டாள்: "எந்தத் தண்ணி? ஆர்.ஓ. தண்ணியா, போர் தண்ணியா?"

"போர்."

"கால் பாட்டில்தான் இருந்துதா? நல்லா ஞாபகமிருக்குதா?"

"லேபிளுக்கு அடியில இருந்துது."

பென்சிலை எடுத்தாள். நோட்டின் பின் பக்கத்தில் ஏதோ போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். கை வேகமாக ஓடியது. பத்து நாளாகச் செத்திருந்த முகம் ஒரு நிமிடம் லேபில் இருக்கும் மைதிலியின் முகமாக மாறியது. "அஞ்சு புள்ளி மூணு" என்றாள். "நாலு இல்ல, 5.3. நான் அத நாலுன்னு திருகி வெச்சிருக்கறேன். மீட்டர் நாலரைங்கறப்போ உள்ள நெசமா அஞ்சரைக்கு மேல. ஸ்ட்ரிப் சொன்னது சரி. ஆசிட் பத்தல. சூடேறுனதும் பஃபர் உட்டுருச்சு. நீலம் ஒடஞ்சுருச்சு." நோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் தப்புப் பண்ணல."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எட்டாந்தேதி அந்தப் பாட்டிலத் தூக்கிக் காட்டுனேனே மாமா. நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

"வயிறு செரியில்லாம..."

"மாமா."

நிறுத்திக்கொண்டேன்.

வெகுநேரம் நோட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். அடுக்கி முடித்த பிறகு, "இருபத்திநாலுதான லெட்டர் போகுது" என்றாள். "ஒரு பேப்பர்ல எழுதுங்க. கதை உடாம, நீங்க கையால செஞ்சத மட்டும். என்ற கணக்கு அதுல வேண்டாம். அது என்ற வாயாட்டம் இருக்கும், நான் சொல்லிக் குடுத்து எழுதுனாப்புல. நீங்க செஞ்சது மட்டும். போதும்."

அக்டோபர் 22, புதன்

காலை ஒன்பது மணியிலிருந்து எழுதினேன். பதினொரு தாள் வீணாயிற்று. ஒன்றில் அம்மன் வந்துவிட்டாள். ஒன்றில் நான் என்னைப் பாதாளத்தில் தள்ளிக்கொண்டேன். ஒன்றில் "அடியேன்" என்று தொடங்கி அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. தெய்வாத்தா ஒவ்வொரு தாளையும் வாங்கி, விரலால் ஒரு வரியைக் காட்டி, "இது நடந்துதா?" என்பாள். இல்லை என்றால் கசக்கிப் போடுவாள்.

மூன்று மணிக்கு முடிந்தது. இங்கே படி எடுத்து வைக்கிறேன்.

"அக்டோபர் ஒன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு லேபில் நாலாம் நம்பர் பஃபர் பாட்டிலில் கால் பங்கு இருந்தது. பூஜைக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று அதில் போர் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன். நிறம் வெளுத்தது. சிவப்புச் சாயம் சேர்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தேன். மைதிலி அன்று லீவு. பிறகும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டபோது வேடிக்கையாகப் பேசி மறைத்தேன். மூன்று லாட் கெட்டதற்குக் காரணம் இதுதான். தப்பு என்னுடையது. சென்னியப்பன், டையிங் மாஸ்டர்."

படித்துப் பார்த்தேன். அறுபது வயது மனிதன் எழுதிய தாளா இது? எட்டு ஒன்பது வரி. வெறும் உடம்போடு தெருவில் நிற்பது போல இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

பட்டறை திறந்தது. கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து தாளை மறுபடி படித்தேன். கடைக்காரரிடம் பேனா வாங்கினேன்.

பிறகு உள்ளே போய் முதலாளி கையில் கொடுத்தேன். வேறு யாரும் இல்லை. அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். சிரிக்கவில்லை. இரண்டாம் முறை படித்தார். முகம் மாறியது. நம்புகிறார் என்று தெரிந்தது. இவ்வளவு நிம்மதியாக நான் எப்போதும் பயந்ததில்லை.

விரல் கடைசி வரியில் நின்றது.

"இது என்னங்க? 'இதனால் 4.0 ஆக இருந்த பஃபர் 5.3 ஆகியிருக்கும்.' வேற மைல எழுதியிருக்குது."

"அது... கணக்குங்க."

"யாரு போட்ட கணக்கு?"

என் கண் லேப் பக்கம் போயிற்று. அதுவே பதிலாகிவிட்டது.

கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டரு, முப்பது வருசமா உங்க பேச்சக் கேக்கறேன். உங்களுக்கு ஒரு பீக்கரு தண்ணி வேணும்னாக் கூட ஒரு கொளம் வேணும்பீங்க. இதுல ஒரு வார்த்தை கூட உங்க வார்த்தை இல்ல. புள்ள சொல்லச் சொல்ல நீங்க எழுதியிருக்கறீங்க."

"இல்லீங்க. அந்த ஒரு வரிதான் அவளுது. மத்ததெல்லாம்..."

"அப்ப அவகிட்டப் போய்ட்டுத்தான் வந்திருக்கறீங்க."

"பாட்டிலக் கொண்டாங்க, இப்பவே தண்ணி ஊத்திக் காட்டறேன். நம்பரு மாறுதா இல்லையான்னு பாருங்க."

"மாறும். தண்ணி ஊத்துனா மாறும்னு தெரியும். நீங்க ஊத்துனீங்கன்னு எப்படித் தெரியும்?" தாளை நாலாக மடித்தார். கோபமாகக் கூட இல்லை, வருத்தமாக இருந்தார். "கவனக்குறைவுன்னு மட்டும் போட்டுருந்தேன், போகுதுன்னு. இப்ப ஒரு பெரிய மனுசனக் கொண்டு எழுத்துல பொய் சொல்ல வெச்சிருக்குது அந்தப் புள்ள. அதையும் எழுதாம உட முடியாதுங்க."

அக்டோபர் 24, வெள்ளி

பதினொன்றரைக் கூரியரில் லெட்டர் போனது. நான் மிஷினடியிலிருந்து பார்த்தேன். ஏழாவது லாட் கத்திரிப்பூ, நாள் தப்பி, வெளியே வந்துகொண்டிருந்தது.

மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனேன். மைதிலி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இருந்தாலும் கேட்டாள். முதலாளி சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். லெட்டரில் புதிதாகச் சேர்ந்ததையும் சொன்னேன்.

"5.3 எழுத வேண்டாம்னு சொன்னேன்ல மாமா."

"சொன்ன."

"அப்பறம் ஏன் எழுதுனீங்க?"

யோசித்தேன். ஒரு பெரிய காரணம் கிடைக்குமா என்று உள்ளே எல்லா இடத்திலும் தேடினேன். டீக்கடையில் அந்தத் தாள் மொட்டையாக இருந்தது. ஒரு நம்பர் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

"கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு, அம்மிணி."

அவள் தலையாட்டினாள். கதவைச் சாத்தவில்லை. திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் படியில் செருப்போடு நின்றேன். பன்னிரண்டு நிமிடம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.